பத்து என்ற பெயருடைய காசு

சிசிலித் தீவின் உள்பகுதியில் மோர்கன்தினா என்று ஒரு பழைய கிரேக்க நகரம் இருந்தது. ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த இரண்டாம் பெரும்போரில் அது ரோமைக் கைவிட்டுக் கார்த்தேஜ் பக்கம் சேர்ந்துகொண்டது. கி.மு. 211இல் ரோமானியப் படை வந்து ஊரைப் பிடித்துச் சூறையாடியது. இருபதாம் நூற்றாண்டில் அங்கே அகழாய்வு செய்தவர்கள், அந்த அழிவு விட்டுப்போன மண்ணடுக்குக்கு அடியில் சில வெள்ளிக் காசுகளைக் கண்டெடுத்தார்கள். தெனாரியுஸ் என்ற நாணயம் எப்போது பிறந்தது என்று அறிஞர்கள் அதுவரை ஓயாமல் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். எழுத்தில் கிடைத்த சான்றுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. மோர்கன்தினா மண் அந்த வழக்கைத் தீர்த்து வைத்தது. கி.மு. 211 வாக்கில், கார்த்தேஜின் தளபதி ஹானிபால் இத்தாலிக்குள்ளேயே முகாமிட்டிருந்த காலத்தில், போர்ச் செலவால் திணறிப்போன ரோம் தன் பழைய நாணய முறையைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்தப் புதிய வெள்ளிக் காசை அச்சிட்டிருக்கிறது.

காசின் ஒரு பக்கம் இறக்கை வைத்த தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி. மறுபக்கம் ஈட்டியை நீட்டிக்கொண்டு குதிரையில் பாயும் இரட்டைச் சகோதரர்கள், காஸ்டரும் பொல்லுக்ஸும். தேவியின் பிடரிக்குப் பின்னால் பெருக்கல் குறி போல ஒரு குறுக்குக் கோடு தெரியும். அதுதான் ரோமானிய எண்ணில் பத்து. ஆஸ் என்ற வெண்கலக் காசு பத்துக்கு இந்த ஒரு வெள்ளிக் காசு சமம். லத்தீனில் ‘தேனி’ என்றால் பத்துப் பத்தாக என்று பொருள். அதிலிருந்து தெனாரியுஸ்: பத்து கொண்டது.

பெயர் உண்மையாக இருந்தது எழுபது ஆண்டுகள்தான். வெண்கல ஆஸ் எடை குறைந்துகொண்டே வந்ததால், கி.மு. 141 வாக்கில் ரோம் கணக்கைத் திருத்தியது. இனி ஒரு தெனாரியுஸுக்குப் பதினாறு ஆஸ். சில காலம் காசின் மேல் பதினாறு என்ற எண்ணையே பொறித்தார்கள். அப்புறம் அதை விட்டுவிட்டு, பழைய பத்துக் குறிக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டுப் பதினாறாக வைத்துக்கொண்டார்கள். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்தது. ஊரெல்லாம் பதினாறாக ஆன பிறகும், படைவீரர் சம்பளத்தை மட்டும் தெனாரியுஸுக்குப் பத்து ஆஸ் என்ற பழைய கணக்கிலேயே போட்டு வந்தார்களாம். சந்தை ஒரு பக்கம் போக, சம்பளப் பேரேடு தன் வழியே போயிருக்கிறது.

இந்தச் சொல்லின் இருபத்திரண்டு நூற்றாண்டு வாழ்க்கைக்கான சாவி அந்தப் பேரேட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அரசர்கள் நாணயத்தை அடிப்பார்கள், வெள்ளியில் செம்பைக் கலப்பார்கள், தங்கள் முகத்தைப் பொறிப்பார்கள், பிறகு செத்துப் போவார்கள். நாணயத்தின் பெயரைச் சுமந்து செல்பவர் கணக்கெழுதுபவர். அவர் கையில் இருக்கும் வரை பெயருக்குச் சாவு இல்லை.

அகஸ்டஸ் காலத்து ரோமானியப் படைவீரனுக்கு ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியுஸ். புதிய ஏற்பாட்டில் திராட்சைத் தோட்டக் கூலியாளுக்குப் பேசிய ஒரு நாள் கூலி ஒரு தெனாரியுஸ். சீசருக்கு வரி கட்டலாமா என்ற கேள்விக்கு இயேசு கேட்டு வாங்கிப் பார்த்த காசும் அதுதான். அந்த ஒரே சொல்லை மொழிபெயர்ப்பாளர்கள் எத்தனை விதமாகக் கையாண்டிருக்கிறார்கள் பாருங்கள். 1611இன் ஆங்கில வேதாகமம் ‘பென்னி’ என்றது. நம் பழைய தமிழ் வேதாகமம் ‘பணம்’ என்றது. பிற்காலத்துப் பொது மொழிபெயர்ப்பு ‘தெனாரியம்’ என்று மூலத்துக்கே திரும்பிவிட்டது. ஆங்கிலேயர் பென்னி என்று எழுதியதற்கு வலுவான காரணம் உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

கி.பி. 64இல் பேரரசன் நீரோ காசின் எடையைக் குறைத்தான், வெள்ளியின் தூய்மையையும் குறைத்தான். அவனுக்குப் பின் வந்தவர்கள் அந்தப் பாதையில் இன்னும் வேகமாகப் போனார்கள். செப்டிமியுஸ் செவேருஸ் காலத்தில் காசில் ஏறக்குறையப் பாதிதான் வெள்ளி. 215இல் காரகல்லா வேறொரு பெரிய காசைக் கொண்டுவந்தான். அந்த நூற்றாண்டின் நடுவில் தெனாரியுஸ் அடிப்பதே ஏறத்தாழ நின்றுபோனது.

இந்த வீழ்ச்சியின் தடம் தமிழ் மண்ணிலும் இருக்கிறது. கொங்கு நாட்டில், உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தம் போன்ற இடங்களில் புதையலாகக் கிடைத்த தெனாரியுஸ்கள் பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியுஸ் பெயரில் வெளியானவை. நீரோவின் கலப்படத்துக்குப் பிந்தையவை இந்தியாவில் அரிதாகவே கிடைக்கின்றன. மிளகுக்கும் பச்சைமணிக் கல்லுக்கும் ஈடாகக் காசு வாங்கிய நம் வணிகர்கள் வெள்ளியை உரசிப் பார்க்கத் தெரிந்தவர்கள். ஆனால் சங்கப் பாடல்களில் அந்தக் காசின் பெயர் இல்லை. யவனர் கொண்டுவந்த பொன் பேசப்படுகிறது, அவர்கள் கலம் பேசப்படுகிறது, நாணயத்தின் பெயர் பேசப்படவில்லை. இங்கே அதை எடை போட்டு உலோகமாகத்தான் வாங்கியிருக்கிறார்கள், தங்கள் கணக்கில் அதற்கு ஓர் இடம் கொடுக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வடக்கே கதை வேறு. குப்தர் காலத்துப் பொற்காசுக்குத் தீனாரம் என்று பெயர். இரண்டாம் சந்திரகுப்தன் காலத்தில், 412 வாக்கில், பிட்சுகளின் உணவுக்காக ஒருவர் இருபத்தைந்து தீனாரம் கொடுத்ததைச் சாஞ்சிக் கல்வெட்டு சொல்கிறது. அறக்கட்டளைக் கணக்கில் ஏறியதால் பெயர் அங்கே நின்றது.

ரோமுக்கே திரும்புவோம். 301இல் பேரரசர் டயோக்ளீஷியன் விலைவாசியைக் கட்டுப்படுத்த ஒரு பிரமாண்டமான ஆணை பிறப்பித்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கும் கூலிகளுக்கும் உச்ச விலை. அது கல்லில் வெட்டப்பட்டது, குறிப்பாகப் பேரரசின் கிழக்குப் பகுதிகளில் பல ஊர்களில் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. சாப்பாட்டுடன் பண்ணை ஆளுக்கு நாளொன்றுக்கு 25 தெனாரியுஸ். ஓர் ஆண் சிங்கத்துக்கு 1,50,000. ஒரு ராத்தல் தங்கத்துக்கு 72,000. அத்தனை விலையும் தெனாரியுஸில். ஆனால் ரோமானியரின் பணப்பையில் அந்தப் பழைய தெனாரியுஸ் கிடையாது! வெள்ளிக் காசு வழக்கொழிந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. உடம்பு போன பிறகு பெயர் மட்டும் கணக்குக்கான அலகாக நின்று, ஒரு பேரரசின் விலைப்பட்டியல் முழுவதையும் தாங்கியிருக்கிறது.

அந்தப் பெயருக்கு மறுபடியும் உடம்பு கொடுத்தவர்கள் பிராங்கு அரசர்கள். எட்டாம் நூற்றாண்டில் குள்ளன் பெப்பினும் அவர் மகன் சார்லமேனும் வெள்ளி நாணயத்தை ஒழுங்குபடுத்தினார்கள். 794இல் பிராங்க்ஃபுர்ட்டில் கூடிய அவையில் புதிய தெனாரியுஸை யாரும் மறுக்கக் கூடாது என்று ஆணை வந்தது. ஒரு ராத்தல் வெள்ளியிலிருந்து 240 தெனாரியுஸ். பன்னிரண்டு தெனாரியுஸ் ஒரு சோலிடுஸ், இருபது சோலிடுஸ் ஒரு லிப்ரா. இதில் கையில் தொட்டுப் பார்க்கக் கூடியது தெனாரியுஸ் மட்டும்தான். சோலிடுஸும் லிப்ராவும் பல நூற்றாண்டுகள் ஏட்டில் எழுதும் தொகைகளாகவே இருந்தன. டயோக்ளீஷியன் காலத்தில் இருந்ததற்கு நேர் எதிரான நிலை. மேற்கு ஐரோப்பாவின் கணக்குப்பிள்ளைகள் எல்லாரும் இந்த மூன்று சொல்லையும் லத்தீனில்தான் எழுதினார்கள். அங்கிருந்துதான் சொல் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாகக் கிளை பிரிந்தது.

தெற்கே அது பணமாகவே ஆகிவிட்டது. ஸ்பானியத்தில் ‘தினேரோ’ என்றால் எந்தக் காசும் அல்ல, பணம். கத்தலானில் ‘தினேஸ்’. போர்ச்சுக்கீசியத்தில் இரண்டு உயிரெழுத்துக்கு நடுவில் வரும் லத்தீன் ‘ந’ கரைந்து மூக்கொலியாகிவிடும். அது ‘இ’யின் பக்கத்தில் ‘ஞ’ போல மீண்டும் கெட்டிப்பட்டதால் ‘தினேய்ரு’ என்பது ‘திஞ்ஞெய்ரு’ என்று ஒலிக்கிறது. பைரனீஸ் மலையடிவாரத்தில் பேசப்படும் பாஸ்க் மொழிக்கு லத்தீனோடு எந்த ரத்த உறவும் இல்லை, ஐரோப்பாவின் வேறெந்த மொழியோடும் இல்லை. அந்த மொழியில்கூடப் பணத்துக்குச் சொல் ‘திரு’. தேய்ந்து தேய்ந்து ஈரசையாக நின்றுவிட்ட தெனாரியுஸ் அது. ஸ்லோவேனிய மொழியிலும் பணம் ‘தெனார்’தான்.

இத்தாலியர்களிடம் ‘தெனாரோ’ உண்டு. ஆனால் தெருவில் பணம் கேட்பவர் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார், ‘சோல்தி’ என்பார். சோல்தி என்பது சோலிடுஸின் வழி வந்த சொல். தெனாரோ செய்தித்தாளுக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய சற்று விறைப்பான சொல்லாகிவிட்டது. ஓர் இடத்தில் மட்டும் அது சாமானியர் கையில் தினமும் புரள்கிறது: சீட்டுக்கட்டில். இத்தாலியச் சீட்டின் நான்கு வரிசைகளில் ஒன்று தெனாரி, அதாவது காசு. ‘ஸ்கோபா’ என்ற ஆட்டத்தில் யாரிடம் தெனாரிச் சீட்டுகள் அதிகம் சேர்கின்றனவோ அவருக்கு ஒரு புள்ளி. தெனாரி ஏழு கிடைத்தால் அதற்குத் தனியாக ஒரு புள்ளி. அந்தச் சீட்டுக்கு ‘செத்தெபெல்லோ’, அழகிய ஏழு, என்று செல்லப்பெயர்.

பிரான்சில் ‘தெனியே’ பணமாக உயரவில்லை, சின்னக் காசாகவே இறங்கியது. ஆனால் அங்கே அது மொழிக்குள் ஊடுருவிய விதம் மற்ற எங்கும் இல்லாதது. இன்றைக்கும் பாரிஸில் பால், இறைச்சி, காய்கறி பற்றிய சட்டத்தை எடுத்துப் பார்த்தால் உணவுப்பொருளுக்கு ‘தான்ரே’ என்ற சொல் வரும். ஒரு தெனியேக்குக் கிடைக்கக் கூடிய சரக்கு என்பது அதன் முதல் பொருள். இத்தாலியில் அதே சொல் ‘தெர்ராத்தா’. அரசின் பணத்தைப் ‘பொதுத் தெனியேக்கள்’ என்றே பிரெஞ்சுச் சட்டம் சொல்கிறது. தன் சொந்தச் செலவில் ஒரு காரியம் செய்தவரைத் ‘தன் சொந்தத் தெனியேக்களில்’ செய்தார் என்பார்கள். கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்கு விசுவாசிகள் ஆண்டுதோறும் தரும் காணிக்கை ‘திருச்சபையின் தெனியே’. வாடகைக்கு வீடு பேசி முடித்து வாயிற்காவலருக்குக் கொடுக்கும் சில்லறைக்குக் ‘கடவுளுக்கான தெனியே’ என்று பெயர் இருந்தது. யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசும் பிரெஞ்சில் முப்பது தெனியேதான்.

பிரெஞ்சு வட்டிக்கணக்கு இன்னும் சுவையானது. நாம் நூற்றுக்கு இரண்டு வட்டி, மூன்று வட்டி என்போம். பழைய பிரான்சில் எத்தனை தெனியே கடனுக்கு ஒரு தெனியே வட்டி என்று சொன்னார்கள். ‘தெனியே இருபது’ என்றால் இருபதுக்கு ஒன்று, நூற்றுக்கு ஐந்து. எண் கூடினால் வட்டி குறைவு, எண் குறைந்தால் வட்டி கொள்ளை. மோலியேர் 1668இல் மேடையேற்றிய ‘கஞ்சன்’ நாடகத்தில் ஒரு காட்சி இந்தக் கணக்கின் மேல் ஓடுகிறது. கடன் கொடுப்பவன் முதலில் தெனியே பதினெட்டுக்குத் தருவதாகச் சொல்கிறான், அதாவது நூற்றுக்கு ஐந்தரை. கேட்பவனுக்கு நிம்மதி. அப்புறம்தான் அடுத்த நிபந்தனை வருகிறது: தன்னிடம் கையில் பணம் இல்லாததால் வேறொருவரிடம் தெனியே ஐந்துக்குத் தான் வாங்க வேண்டியிருக்கிறது, அந்த வட்டியையும் நீதான் கட்ட வேண்டும். ஐந்துக்கு ஒன்று என்றால் நூற்றுக்கு இருபது. இரண்டும் சேர்ந்து கால் பங்குக்கும் மேல் போகிறது. அன்றைய பாரிஸ் பார்வையாளர்கள் அந்த எண்களைக் கேட்ட கணமே கூட்டிப் பார்த்திருப்பார்கள். நமக்கு அடிக்குறிப்பு வேண்டியிருக்கிறது.

பிரெஞ்சுப் புரட்சி தசம முறையைக் கொண்டுவந்து பழைய தெனியேயை நாணயப் பட்டியலிலிருந்து நீக்கியது. மொழியிலிருந்து நீக்க முடியவில்லை.

இங்கிலாந்திலும் ஜெர்மானிய நாடுகளிலும் மக்களிடம் தங்கள் சொந்தச் சொல் இருந்தது: பென்னி, ஃபெனிக். பேச்சில் தெனாரியுஸுக்கு இடமே இல்லை. ஆனால் எழுத்து லத்தீனில் நடந்தது. வாய் பென்னி என்று சொல்லும், கை தெனாரியுஸ் என்று எழுதும். அதைச் சுருக்கி ‘டி’ என்ற ஒற்றை எழுத்தாக்கினார்கள். ஆகவேதான் வேதாகம மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தெனாரியுஸ் என்றால் பென்னி என்பது யோசிக்கவே தேவையில்லாத விஷயமாக இருந்தது. எண்ணூறு ஆண்டுக் கணக்கேடுகள் அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தன. பிரிட்டனில் கடைக்காரர்கள் விலைச்சீட்டில் நான்கு பென்ஸ் என்பதற்கு நான்கு என்ற எண்ணும் ‘டி’ என்ற எழுத்தும் போடுவது 1971 பிப்ரவரி 15 வரை நடந்தது. அன்றைக்கு நாடு தசம நாணயத்துக்கு மாறியது, ‘டி’ போய் ‘பி’ வந்தது. ஜெர்மானியர் ஃபெனிக்குக்குப் போட்ட சுழித்த குறியும் பழைய கையெழுத்து முறையில் எழுதிய அதே ‘டி’தான்.

கணக்கேட்டை விட்டுப் போன ‘டி’ ஆணிப் பெட்டியில் பிழைத்துக் கிடக்கிறது. அமெரிக்காவில் தச்சர் ஒருவர் வன்பொருள் கடைக்குப் போய் மூன்றரை அங்குல ஆணி வேண்டுமென்றால் ‘சிக்ஸ்டீன் பென்னி’ என்று கேட்பார். பெட்டியின் மேல் 16டி என்று அச்சாகியிருக்கும். மூன்று அங்குலம் 10டி, இரண்டரை அங்குலம் 8டி. இடைக்கால இங்கிலாந்தில் அந்த அளவு ஆணி நூறு என்ன விலைக்கு விற்றதோ அதிலிருந்து வந்த பெயர் என்று விளக்கம் சொல்வார்கள். நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் ‘பென்னிவெயிட்’ என்ற எடையின் சுருக்கத்திலும் முதல் எழுத்து இந்த ‘டி’தான்.

இன்னொரு கிளையில் பெயர்ச்சொல் உதிர்ந்து அடைமொழி மட்டும் மிஞ்சியது. பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குள் தெனாரியுஸ் மறுபடியும் மெலிந்து தகடாகிவிட்டது. பெரிய வியாபாரத்துக்கு அது உதவவில்லை. வெனிஸ் நகரம் கனமான ஒரு வெள்ளிக்காசை அடித்து ‘தெனாரியுஸ் குரோஸ்ஸுஸ்’, தடித்த தெனாரியுஸ், என்றது. மக்கள் தடித்தது என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். செக் நாட்டில் 1300இல் அது குரோஷ் ஆனது, ஜெர்மன் பேசும் நாடுகளில் குரோஷன், இங்கிலாந்தில் குரோட், துருக்கியில் குருஷ். போலந்தில் ஒரு ஸ்வோட்டிக்கு நூறு குரோஷ் இன்றும் உண்டு. உக்ரைனிய மொழியில் ‘ஹ்ரோஷி’ என்றாலே பணம். ஆக லிஸ்பனில் ஒருவர் திஞ்ஞெய்ரு என்கிறார், கீவில் ஒருவர் ஹ்ரோஷி என்கிறார். ஒரே காசின் பெயரில் ஆளுக்குப் பாதியை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

கிழக்கே போன கிளைதான் எனக்கு எல்லாவற்றிலும் ஆச்சரியமானது. லத்தீன் தெனாரியுஸ் கிரேக்கத்தில் தேனாரியோன் ஆகி, அரபு நாட்டுச் சந்தைகளில் தீனார் ஆனது. குர்ஆனிலேயே அந்தச் சொல் வருகிறது. ஆனால் அங்கே அது வெள்ளி அல்ல, தங்கம். பைசாந்தியப் பேரரசின் பொற்காசுக்குத்தான் அரபு உலகில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல், அதாவது 696-697இல், உருவங்களை முற்றாக நீக்கி எழுத்து மட்டும் பொறித்த தங்கத் தீனாரை வெளியிட்டார். எடை ஏறத்தாழ நாலேகால் கிராம். அதன் சில்லறையான ‘ஃபல்ஸ்’, பன்மையில் ‘ஃபுலூஸ்’, அதுவும் ‘ஃபோல்லிஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஃபோல்லிஸ் என்றால் தோல் பை.

இனி பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஒரே ஒரு காசைப் பார்க்க வேண்டும். அது தங்கம். சுற்றிலும் அரபு எழுத்து. கலீஃபா அல் மன்சூர் காலத்துத் தீனார் ஒன்றைப் பார்த்து அப்படியே செய்யப்பட்டது. மூலக்காசின் ஹிஜ்ரி 157 என்ற ஆண்டும் அப்படியே வந்திருக்கிறது. அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை என்ற உறுதிமொழி இருக்கிறது. அந்த அரபு வரிகளுக்கு நடுவில் லத்தீன் எழுத்தில் இரண்டு சொற்கள்: ஓஃபா ரெக்ஸ். ஓஃபா அரசன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்த மெர்சியா நாட்டை ஆண்டு 796இல் இறந்த கிறிஸ்தவ அரசன் அவன். அச்சு வெட்டிய கம்மியருக்கு அரபு படிக்கத் தெரியாது. சில எழுத்துகள் தடுமாறுகின்றன. அரசன் பெயர் அரபு வரிகளுக்குத் தலைகீழாக விழுந்திருக்கிறது. அவர் எழுத்தை எழுத்தாகப் பார்க்கவில்லை, கோலம் போலப் பார்த்து வரைந்திருக்கிறார்.

இந்தக் காசு எதற்காக அடிக்கப்பட்டது? ஆண்டுக்கு 365 பொற்காசு அனுப்புவதாக ஓஃபா வாக்களித்ததை மூன்றாம் லியோ போப்பின் கடிதம் குறிப்பிடுகிறது. அந்தக் காணிக்கைக்காக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. தூர தேச வணிகத்துக்காக என்பது இன்னொன்று. இரண்டுமே ஊகம்தான். என் கண் நிற்கும் இடம் வேறு. அந்த வகைத் தீனாரின் விளிம்பு வாசகத்தில் ‘இந்தத் தீனார் அடிக்கப்பட்டது’ என்று காசின் பெயரே அரபியில் இருக்கும். அதே ஓஃபா ஆட்சியில் ஆயிரக்கணக்கில் வெள்ளிப் பென்னிகளும் வெளியாயின. அவற்றை லத்தீனில் எழுதியவர்கள் தெனாரியுஸ் என்று எழுதினார்கள். ரோமிலிருந்து மேற்கே போன சொல்லும் கிழக்கே போன சொல்லும், ஒன்று வெள்ளியாகவும் ஒன்று தங்கமாகவும், ஒரே அரசனிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. இரண்டும் ஒரே தாய்ச் சொல்லின் பிள்ளைகள் என்பது அந்த நாட்டில் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

தீனார் என்ற பெயரில் ஐரோப்பாவில் இன்றும் புழங்கும் நாணயம் செர்பியாவுடையது. இடைக்காலச் செர்பிய அரசர்கள் வெனிஸின் தடித்த வெள்ளிக்காசைப் பார்த்துத் தங்கள் தினாரை அடித்தார்கள். அசலுக்கு மிக நெருக்கமாக இருந்தும் வெள்ளி குறைவாக இருந்ததால் வெனிஸுக்குக் கடுங்கோபம். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் ‘சொர்க்கம்’ காண்டத்தின் பத்தொன்பதாம் பாடலில், கெட்ட அரசர்களின் வரிசையில், வெனிஸ் நாணயத்தைப் போலியாக்கியவன் என்று செர்பிய மன்னனையும் சேர்த்துவிட்டார். துருக்கியர் ஆட்சியில் மறைந்த பெயர் 1875இல் வெள்ளி தினாராகத் திரும்பி வந்தது. பிறகு அதுவே யூகோஸ்லாவியாவின் நாணயம் ஆனது. அந்த நாடு உடைந்துகொண்டிருந்த 1993 டிசம்பரில் 50,000 கோடி தினார் நோட்டு வெளியானது. அதன் மேல் இருந்தது குழந்தைகளுக்காக நிறைய எழுதிய யோவான் யோவானோவிச் ஸ்மாய் என்ற கவிஞரின் படம். காலையில் வாங்கிய சம்பளம் மாலையில் ஒன்றுமில்லாமல் போன மாதங்கள் அவை. 1994 ஜனவரியில் பொருளியலாளர் திராகோஸ்லாவ் அவ்ராமோவிச் ஜெர்மன் மார்க்குக்குச் சமமாக ஒரு புதிய காசை நிறுத்தினார். அதற்கும் பெயர் தினார்தான். அத்தனை அவமானப்பட்ட பெயரை விட்டுவிட்டு வேறு பெயர் வைக்க அவர்கள் போகவில்லை. தெற்கே வடக்கு மாசிடோனியா 1992இல் தன் நாணயத்துக்குத் ‘தெனார்’ என்று பெயரிட்டுக்கொண்டது. ‘இ’ அல்ல, ‘எ’. லத்தீனுக்கு ஓர் உயிரெழுத்து நெருக்கமாக.

குவைத்தில் வேலை பார்த்து ஊருக்குப் பணம் அனுப்பும் தமிழர்கள் தினமும் சொல்லும் தினார் அரபுக் கிளையைச் சேர்ந்தது. 1961 வரை அங்கே புழங்கியது இந்திய ரிசர்வ் வங்கி அச்சிட்டுக் கொடுத்த வளைகுடா ரூபாய். குவைத் தன் நாணயத்தைத் தொடங்கியபோது நாற்பது ரூபாய்க்கு மூன்று தினார் என்று மாற்றிக்கொடுத்தார்கள். ஒரு தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸ். காசும் சில்லறையும் இரண்டுமே ரோமிலிருந்து வந்த பெயர்கள்.

பணத்தை முற்றிலும் விட்டு வெளியேறிய ஒரு கிளையும் உண்டு. பிரான்சில் தெனியே ஓர் எடையின் பெயராகவும் இருந்தது. ஒரு தெனியேக்கு 24 கிரெயின். லியோன் நகரத்துப் பட்டு வணிகர்கள் நூலின் பருமனைச் சொல்ல இந்த எடையைப் பிடித்துக்கொண்டார்கள். பட்டு இழையின் விட்டத்தை அளக்க முடியாது, அது அவ்வளவு மெல்லிசு. எனவே குறிப்பிட்ட நீளத்தை எடுத்து எடை போட்டார்கள். ஓன் என்ற பழைய முழக்கணக்கில் 400 ஓன் நீளமுள்ள நூல் எத்தனை கிரெயின் எடை இருக்கிறதோ, அத்தனை ‘டெனியர்’. கிரெயினில் நிறுத்த எண்ணுக்கு டெனியர் என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்கலாம். 24 மடங்கு நீளத்தை எடுத்தால், அதே எண் தெனியே எடையாக வரும். கணக்கு இரண்டும் ஒன்றுதான். 1900இல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு இதை மெட்ரிக் அளவுக்குள் கொண்டுவந்தது: 450 மீட்டருக்கு 0.05 கிராம் என்றால் ஒரு டெனியர். பெருக்கிப் பார்த்தால் 9,000 மீட்டருக்கு ஒரு கிராம்.

அந்த 450 மீட்டரை அளக்கும் கருவி எளிமையானது. சுற்றளவு 112.5 சென்டிமீட்டர் உள்ள ஒரு சுற்றுச்சட்டம். நூல் முனையை மாட்டிச் சுற்ற ஆரம்பித்தால், சரியாக 400 சுற்றில் 450 மீட்டர். லியோனின் 400 ஓன் கணக்கு மெட்ரிக் அளவு வந்த பிறகும் இந்த 400 சுற்றாக உள்ளே ஒளிந்திருக்கிறது. சுற்றி எடுத்த சிட்டத்தைத் தராசில் மாட்டினால் முள் நேரடியாக டெனியரைக் காட்டும். பட்டுக்கூட்டிலிருந்து இழுக்கும் ஒற்றை இழை எல்லா இடத்திலும் ஒரே பருமனாக இருக்காது. எனவே கச்சாப் பட்டை ஒரே எண்ணால் சொல்ல முடியாது. 20/22 என்று இரண்டு எண் சொல்வார்கள், இருபதுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில் என்று பொருள். தமிழ்நாட்டுப் பட்டு வியாபாரத்திலும் அதே எண்கள்தான், அதே பெயர்தான்.

இப்போது அதிகாரபூர்வமான சர்வதேச அலகு டெக்ஸ், 1,000 மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. ஐரோப்பியச் செயற்கை இழை ஆலைகள் அதன் பத்தில் ஒரு பங்கான டெசிடெக்ஸில் எழுதுகின்றன. ஒரு டெக்ஸ் என்றால் ஒன்பது டெனியர். ஆனால் லண்டனில் காலுறை வாங்கும் பெண் பதினைந்து டெனியர், நாற்பது டெனியர் என்றுதான் தேர்ந்தெடுக்கிறார். பள்ளிக்கூடப் பையின் சீட்டில் 600டி என்று போட்டிருந்தால் அதுவும் டெனியர். ஆங்கிலேயர் 1971இல் கைவிட்ட ‘டி’யும் இந்த ‘டி’யும் ஒரே சொல்லின் தலையெழுத்து.